பின் சீட்டுக்காரி

போல்டன்
9 மே 1954

திர்ஸாவுக்கு,

முதலில் பேரப்பிள்ளைகள் விஷயம். மாவிஸ் பெரிய பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துத் தொப்பியைப் போடப்போகிற முதல் பெண் அவள்தான். அவளுடைய அப்பாவும் அந்தப் பரீட்சை எழுதியவன்தான், முடிவைப் பற்றிப் பேச வேண்டாம். லெஸ்லி என்ஜின் தொழிற்சாலையில் பட்டறையிலிருந்து வரைபட அறைக்கு ஏறிவிட்டான். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறான். டொரீனை வருகிற பெந்தெகொஸ்தே ஊர்வலத்தில் சபைக் கொடியின் நாடாவைப் பிடிக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மேரி வால்ம்ஸ்லியின் பேத்தியைத் தேர்ந்தெடுக்கவில்லை. குட்டி கோலினுக்குப் பல் வந்துவிட்டது, என் விரலைக் கடித்துக் காட்டினான், நல்ல பலம்.

இனி உன் விஷயம். உன் அண்ணன் அடக்கத்தன்று எங்கள் வீட்டு முன்னறையில் எல்லார் முன்னாலும் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கையில் என் வீட்டுத் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டே சொன்னாய். "அண்ணிக்கென்ன, காலமெல்லாம் பின் சீட்டுக்காரி. எங்க அண்ணன் மிதிச்சு இழுத்தான், இவங்க உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வந்தாங்க."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, சவப்பெட்டி இன்னும் வீட்டை விட்டுப் போயிருக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் மில் விடுமுறை வாரத்தில் நானும் உன் அண்ணன் ஜேபஸும் இரண்டு பேர் மிதிக்கிற இரட்டைச் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கத்துக் குன்றுகளுக்கு வந்தோம். ஒரு வருஷம் தவறியதில்லை, போர் நடந்த வருஷங்கள் நீங்கலாக. இந்த வருஷமும் வண்டி வரும். நான் முன் சீட்டில் வருவேன்.

என் அருமை மகன் கிளிஃபர்ட் வேறு நினைக்கிறான். சைக்கிள் சங்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு வண்டியைத் தருவதாக என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருக்கிறான்.

"அம்மா, அறுபத்தேழு வயசுல இது உனக்கு எதுக்கு? நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க முதல்ல அந்த மேட்டை மிதிச்சுட்டு வந்து சிரிக்கட்டும்."

முன் சீட்டுக்கு ஆள் இருக்கிறது. பின் சீட்டுக்குத்தான் ஆள் வேண்டும். சங்கத்தில் கேட்டால் தடித் தொடைக்காரிகள் பத்துப் பேர் வருவார்கள். ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிற சீட்டு என்று சொன்னவள் நீ. அதனால் உன்னை முதலில் கேட்கிறேன். வந்து உட்கார். உங்கள் ஊர்ப் பாதிரியார் மேட்டின் உச்சிவரை வேடிக்கை பார். அதன் பிறகும் அந்த வார்த்தையைச் சொல்ல உனக்கு மூச்சு மிச்சமிருந்தால் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

ஆனிஸ் கிரிம்ஷா


மேல்பண்ணை, ஹாப்ஸ்லி
15 மே 1954

திருமதி கிரிம்ஷா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகளின் வெற்றிக்கு வாழ்த்துகள். எங்கள் பேரன் ஐவர், என் வீட்டுக்காரர் பிரீஸின் பேர் சொல்லுகிறவன், மாவட்டக் கண்காட்சியில் தானே வளர்த்த கிடாவுக்கு முதல் பரிசு வாங்கினான். பரீட்சை எழுதி வாங்கியது அல்ல, ஆனாலும் சிவப்பு ரிப்பன் எங்கள் வீட்டுச் சுவரில் நன்றாகத்தான் தெரிகிறது.

நான் வரமாட்டேன். எனக்கு அறுபத்து நாலு வயது. தீவனப் புல் அறுக்கிற காலம் வேறு. வேலையாட்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டாமா?

கிளிஃபர்ட் எனக்கும் எழுதியிருக்கிறான். "அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேப்பாங்க" என்று. பாவம், அவனுக்கு உங்களையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் நான் வரமாட்டேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

அடக்கத்தன்று சொன்னதைப் பற்றி: சொன்னேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் உட்கார்ந்து வந்த அந்தத் தோல் சீட்டு முதலில் யாருடையது என்று அண்ணன் எப்போதாவது சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான். நான் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குப் போயிருந்தேன். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விடுப்பு. அந்த ஞாயிறு முழுக்க அண்ணனோடு சைக்கிளில். புதுத் தோல் கல் மாதிரி இருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்துதான் உடம்புக்குப் படியும். அது என் உடம்புக்குப் படிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன், வாசலில் வண்டி நின்றது, அதன் மேல் நெசவு மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொன்னான், "திர்ஸா, இது ஆனிஸ். வாயேன், நீ நடந்து கூட வா, தேநீர்க் கடை வரைக்கும் மெதுவாத்தான் போவோம்."

நான் நடந்தேன்.

இதைச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைக்கவில்லை. நீங்கள் சீட்டைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

திர்ஸா பிரீஸ்


போல்டன்
7 ஜூன் 1954

திர்ஸா,

டொரீன் நேற்று ஊர்வலத்தில் வெள்ளை உடையில் நாடாவைப் பிடித்து நடந்தாள். மழை பெய்தது. மற்றப் பெண்கள் ஓடினார்கள், இவள் விடவில்லை. யாரைக்கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நீயே நினைத்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று வாரமாக அடுப்பு மேல் பலகையில் வைத்திருக்கிறேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள், சரியான வார்த்தைக்கு யாரிடம் போவேன்? தெரிந்ததை எழுதுகிறேன். அந்தச் சீட்டு யாருடையது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. "காலியாத்தானே இருக்கு, ஏறு" என்றார். நான் ஏறினேன். நீ தேநீர்க் கடைக்கு நடந்து வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு நடக்கத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். அந்த வண்டி போய் இந்த வண்டி வந்தபோதும் தோல் சீட்டை மட்டும் கழற்றி இதில் மாட்டினார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் மன்னிப்பு கின்னிப்பு என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும், ஏனென்றால் ஏறியதற்கு நான் வருத்தப்படவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். கிளிஃபர்ட் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில். தன்னைப் பெற்ற தாயிடம் திருட்டு. போன வார ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, எல்லாம் நன்றாகச் சாப்பிட்டேன், எதுவும் கேட்கவில்லை. அவன் நாற்காலியில் தூங்கியதும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் பார்த்தான். "பாட்டி, மீதி வண்டி எங்க?"

"வீட்ல இருக்கு. எல்லாத்தையும் ஏத்துறதுக்குள்ள நீ மணி அடிச்சிடுவ."

"சக்கரத்துக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"மடியில வச்சிருக்கிற குழந்தைக்கு டிக்கெட் உண்டா? இதுவும் மடியிலதான் இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். நானே சக்கரத்தை மாட்டினேன், நானே செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

இப்போது விடிந்ததும் கால்வாய் ஓரப் பாதையில் முன் சீட்டில் பழகுகிறேன். பின் சீட்டில் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டியிருக்கிறேன். வளைவில் சாய வேண்டிய பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மிதிப்பதும் இல்லை. ஆனால் அடக்க வீட்டில் வந்து பேசாது. அந்த வகையில் உன்னைவிட நல்ல துணை.

26ஆம் தேதி சனிக்கிழமை. க்ரூவில் ரயில் மாறி, மத்தியானம் கிரேவன் ஆர்ம்ஸ் ரயிலடிக்கு வந்து சேருவேன். நீ இல்லாவிட்டால் மூட்டையோடு மேடு ஏறுவேன். ஊர் பார்க்கட்டும்.

ஆனிஸ்


ஹாப்ஸ்லி
14 ஜூன் 1954

அண்ணிக்கு,

மூட்டையோடு ஏறாதீர்கள். எங்கள் பெயர்தான் கெடும். நீங்கள் எனக்கு அண்ணி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பிரீஸ் வண்டி கட்டிக்கொண்டு ரயிலடிக்கு வருவார். பண்ணையில் வந்து தேநீர் குடியுங்கள். இரண்டு இரவு தங்குங்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும். நான் சைக்கிளில் உட்காருவதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். எனக்கு அரைக்கால் சட்டையும் கிடையாது, அதைப் போடுகிற எண்ணமும் கிடையாது.

பிரீஸிடம் சொன்னேன். "உங்க அண்ணி வரட்டும், ஆனா ஆட்டை மிரட்டாம வரச் சொல்லு" என்றார். அவருக்கு எல்லாமே ஆடுதான்.

பாதிரியார் மேட்டு இறக்கத்துக்கு இந்த வசந்தத்தில் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். முன்பு கல் இருந்ததால் வண்டி தானே மெதுவாகும். இப்போது வழுக்கிக்கொண்டு ஓடும். சொல்ல வேண்டியது என் கடமை.

பின் சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சும்மா கேட்கிறேன். முன்பு ஒரு கட்டை மேல் ஏறித்தான் உட்காருவேன். சும்மாதான் கேட்கிறேன்.

திர்ஸா


ஹாப்ஸ்லி
5 ஜூலை 1954

அண்ணிக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் அதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். எலும்பு உடையவில்லை, மணிக்கட்டு சுளுக்குதான் என்று டாக்டர் சொன்னார். "இந்த வயசுல சைக்கிள்ல என்னம்மா வேலை?" என்று கேட்டார். "உங்க வயசுல எனக்குக் கேள்வி கேக்க நேரம் இருந்ததில்ல" என்றேன். எனக்கே ஆச்சரியம், உங்கள் வாய் எனக்கு எப்போது ஒட்டியது?

நீங்கள் செவ்வாய்க்கிழமை ரயிலேறியதிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம். ஆனால் எதற்குக் கோபம் என்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏமாற்றி ஏற்றியதற்கு இல்லை. "தொப்பியைக் கட்டிக்கிறேன், ஒரு நிமிஷம் வண்டியைப் பிடி" என்றீர்கள். பிறகு "சீட்டு சரியா இருக்கான்னு பாரு" என்றீர்கள். கட்டையை நீங்களே கொண்டுவந்து போட்டீர்கள். அறுபத்து நாலு வயதில் எனக்குப் புரியாமலா ஏறினேன்?

மேட்டைப் பற்றியும் கோபம் இல்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். முதல் வேலியடைப்பு தாண்டியதுமே என் தொடை எரிந்தது. முன்னால் உங்கள் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, வளைவு வருகிறதா தெரியாது, கல் வருகிறதா தெரியாது. மிதி என்றால் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். சுண்ணாம்பு லாரிக்காரன் பக்கத்தில் வந்து மெதுவாக்கிக் கத்தினானே, "ஏம்மா முன்னாடி போறவங்களே, பின்னாடி இருக்கிற கெழவி மிதிக்கவே இல்ல, தூங்குது பாருங்க" என்று. எனக்குக் கையில் கல் கிடைத்திருந்தால் அவன் கண்ணாடி போயிருக்கும். நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள், "எனக்கு இதை ஒவ்வொரு ஊர்லயும் சொன்னாங்க, திர்ஸா. ஒவ்வொரு வருஷமும் சொன்னாங்க. எங்க வீட்டு முன்னறையில ஒரு தடவதான் சொன்னாங்க."

அப்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். அந்தச் சீட்டில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை. இது போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்னால் வராது.

உச்சியில் நாம் குடித்த தேநீர், அண்ணனின் அந்தக் கறுத்த டப்பாவில் சுள்ளி எரித்துப் போட்டது, பாலாடைக்கட்டி ரொட்டி, ஊறுகாய் வெங்காயம், அந்தக் காற்று, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கீழே குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்று போர்வை மடித்துப் போட்ட மாதிரி கிடந்தன. நான் இங்கேயே முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன், ஒரு நாள் ஏறிப் பார்த்ததில்லை. பால் கறக்கிறவளுக்கு மேட்டில் என்ன வேலை?

என் கோபம் இறக்கத்தைப் பற்றி. நான் கத்தினேன். "அண்ணி, பிரேக் பிடிங்க. அண்ணி, பிரேக்." ஒரு தடவை இல்லை. வேலி இரண்டு பக்கமும் பச்சைக் கோடாக ஓடியது. நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், கைகள் ஹேண்டில்பாரில் அமைதியாக இருந்தன, சபையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கிற மாதிரி. ஹாரிஸ் வயலின் கதவு திறந்து கிடந்ததும், உள்ளே வைக்கோல் குவியல் இருந்ததும் நம் நல்ல காலம். சக்கரம் கதவுக் கம்பத்தில் இடித்து எட்டு மாதிரி வளைந்துவிட்டது.

பிறகு நீங்கள் வைக்கோலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் திட்டினேன். வண்டியை என் களஞ்சியத்தில் போட்டுவிட்டு, கையைக்கூட அசைக்காமல் ரயிலேறிவிட்டீர்கள். நீங்களும் திருப்பித் திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வேண்டுமென்றே செய்தீர்களா? என்னைப் பயமுறுத்தவா? எனக்குத் தெரிய வேண்டும்.

சனிக்கிழமை கிளிஃபர்ட் வேனோடு வருகிறானாம். சக்கரத்தை நேராக்கி அந்த ஜோடிக்குக் கொடுத்துவிடுவானாம். "அம்மா இப்போ ஒத்துக்குவாங்க அத்தை, விழுந்த பிறகு பேச்சே இல்ல" என்று எழுதியிருக்கிறான். நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?

திர்ஸா


போல்டன்
8 ஜூலை 1954

அன்பு திர்ஸாவுக்கு,

முதலில் வெற்றிகள். மாவிஸின் தொப்பி வந்துவிட்டது, பச்சை, கொஞ்சம் பெரிது, தலை வளரும். லெஸ்லி வரைந்த ஒரு கொதிகலன் மூடியை இப்போது நிஜமாகவே வார்க்கிறார்கள். கோலின் எழுந்து நிற்கிறான். ஆனிஸ் கிரிம்ஷா, வயது அறுபத்தேழு, முன் சீட்டில், பாதிரியார் மேட்டை இறங்காமல் தள்ளாமல் ஏறினாள். திர்ஸா பிரீஸ், வயது அறுபத்து நாலு, பின் சீட்டில், அவளோடு ஏறினாள், ஒரு மிதியும் குறையவில்லை. எனக்குத் தெரியும். பெடலில் தெரியும். செயின் பொய் சொல்லாது. இதைச் சபையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், மேரி வால்ம்ஸ்லிக்கு இரண்டு தடவை சொன்னேன்.

இனி இறக்கம்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. உன்னைப் பயமுறுத்தவும் இல்லை. உன் கேள்விக்கு வைக்கோலில் உட்கார்ந்தபோதே பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேசவில்லை.

நான் அவர் பிரேக் பிடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

இத்தனை வருஷமும் இறக்கத்தில் பின் சீட்டுக்கு ஒரே வேலைதான்: காலை மட்டமாக வை, உடம்பைத் தளர்த்து, முன்னால் இருப்பவரை நம்பு. நீ பிரேக் என்று கத்தியது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. "கத்தாத திர்ஸா, அவருக்குத் தெரியும், வளைவுக்கு முன்னாடி பிடிப்பார்" என்று மனசுக்குள் சொன்னேன். வளைவு வந்தது. அவர் பிடிக்கவில்லை. என் கைக்குக் கீழேயே பிரேக் இருந்தது.

அடக்கத்தன்று நான் அழவில்லை என்று நீங்கள் எல்லாரும் கவனித்தீர்கள். ரொட்டி வெட்டினேன், தேநீர் ஊற்றினேன். ஹாரிஸின் வயலில்தான் எனக்கு விஷயம் வந்து சேர்ந்தது. முன் சீட்டில் இருப்பது நான்தான், எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்று. அதை உன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ரயிலில் கிழவிகள் பார்க்க அழுதுகொண்டு வந்தேன். போதும், அது முடிந்தது.

கிளிஃபர்ட் புதன்கிழமை வந்தான். நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்து மெதுவாகப் பேசினான்.

"அம்மா, போதும்மா. அப்பாவுக்காக ஒரு தடவ போயிட்டு வந்துட்ட. இனிமே அந்தச் சின்னஞ்சிறுசுங்க ஓட்டட்டும்."

"அப்பாவுக்காக யாருடா போனது? அவர் அந்த மேட்டை அவருக்காக ஏறினார். நான் எனக்காக ஏறினேன்."

"ரெண்டு பேரும் விழுந்தீங்களே."

"நீ நடக்கப் பழகும்போது எத்தனை தடவ விழுந்தன்னு சொல்லவா? உன் காலை யாருக்காவது தானம் பண்ணினேனா?"

அவன் மனைவி சிரித்துவிட்டாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனாலும் சனிக்கிழமை வருவான், பிடிவாதக்காரன், யாரைக்கொண்டு பிறந்தான் என்று சொல்ல மாட்டேன். வந்தால் தேநீர் கொடு, கேக் கொடு, களஞ்சியத்துச் சாவியைக் கொடுக்காதே. வண்டியைக் கேட்டால், அதில் பாதி உன்னுடையது என்று சொல். நான் சும்மா சொல்லவில்லை. அந்தத் தோல் உன் உடம்புக்குப் படிந்தது, பிறகு என் உடம்புக்குப் படிந்தது, இப்போது மறுபடியும் உனக்கு. பின் சீட்டு உன்னுடையது. இதை ஜேபஸ் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சக்கரத்தை உங்கள் ஊர்க் கொல்லன் நேராக்கட்டும். பிரேக் கைப்பிடி இரண்டிலும் சிவப்பு நூல் சுற்ற வேண்டும், என் கண்ணில் குத்துகிற மாதிரி. நூலை இதோடு வைத்திருக்கிறேன், மில் நூல், அறாது. அடுத்த விடுமுறையில் அதே இறக்கம். நீ கத்த வேண்டியதில்லை.

ஒரே ஒரு உதவி. எங்கள் வீட்டில் வண்டியோடு எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொரு வருஷமும் ஒன்று. எல்லாவற்றிலும் அவர் முன்னால் படத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் என் தொப்பி மட்டும் இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காட்டினால் "ஆனிஸ் எங்க?" என்று கேட்கிறார்கள். நீ கை சரியானதும் பிரீஸைக் கூப்பிட்டு, ஆட்டை விட்டுவிட்டு வரச் சொல்லி, வண்டியைக் களஞ்சியச் சுவரில் சாத்தி, கட்டை மேல் ஏறிப் பின் சீட்டில் உட்கார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு போட்டுக்கொள். சிரிக்க வேண்டாம், உனக்கு அது வராது. முன் சீட்டு காலியாக, நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். உன் தொப்பி மட்டும் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், முழு ஆளும் தெரிய வேண்டும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்க இடம் ஒதுக்கிவிட்டேன், கிளிஃபர்ட் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரில்.

படம் கழுவி வந்ததும் தபாலில் போடு. மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்து அனுப்பு.

உன் அண்ணி
ஆனிஸ்